எழுதி வாங்கியவர்களின் நாடு: போலந்து ஜனநாயகம் வந்த வழி

கேள்வி இதுதான்: "போலந்தில் ஜனநாயகம் 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகுதானே வந்தது? ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் ஐந்நூறு வருட நாடாளுமன்ற மரபு என்று பெருமை பேசுகிறார்கள். ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து 'ஒப்பமாட்டேன்' என்று சொன்னால் சபையே கலைந்துவிடும் என்றும் எங்கோ படித்தேன். இதில் எதை நம்புவது?"

மூன்றையும் நம்பலாம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, ஒழுங்கான தேர்தல், சிறைக்குப் போகாத எதிர்க்கட்சி என்று இன்றைய கணக்கில் பார்த்தால், போலந்துக்கு அது நிலைத்தது 1989-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் 1918 முதல் 1926 வரை ஒரு எட்டு வருடம் இருந்து கைநழுவிப் போனது. ஆனால் ஆள்பவனைக் காகிதத்தில் கட்டிப்போடுவது, கேட்காமல் வரி போடாதே என்பது, ராஜாவையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது எல்லாம் அங்கே 14-ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ந்த பழக்கங்கள். இந்த ஆறு நூற்றாண்டுக் கதையில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒரே காட்சி: ஆள்பவனுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவர்கள், "சரி, செய்கிறோம். ஆனால் எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள்.

முதல் காட்சி 1374. போலந்தை அப்போது ஆண்டவர் ஹங்கேரி அரசர் லூயி. அவருக்கு மகன் இல்லை, மகள்கள்தான். பெண்ணை அரியணையில் ஏற்றும் வழக்கம் போலந்தில் கிடையாது. ஷ்லாக்தா என்ற பிரபுக் குலம் சம்மதித்தால்தான் நடக்கும். பிரபு என்றதும் கோட்டையும் கொத்தளமும் நினைவுக்கு வரும். ஷ்லாக்தாவில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டு மூன்று வயலை வைத்துக்கொண்டு தாங்களே ஏர் பிடித்தவர்களும் அதே குலம்தான். கோஷிட்சே என்ற ஊரில் (இன்று அது ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது) பேரம் படிந்தது. மகளை ஏற்றுக்கொள்கிறோம், பதிலுக்கு எங்கள் நிலத்தின் மீது வரி, ஒரு 'லான்' அளவு நிலத்துக்கு 2 க்ரோஷ் நாணயம்தான், அதற்குமேல் வேண்டுமென்றால் எங்களைக் கேட்க வேண்டும். பத்து வருடம் கழித்து, 1384-ல், பத்து வயதுச் சிறுமி யாட்விகா க்ராகோவில் முடிசூடினாள். அரசி என்ற பட்டத்தோடு இல்லை, அரசர் என்ற பட்டத்தோடு!

அவளை மணந்து அரசரான லித்துவேனியாவின் யாகியெல்லோவுக்கும் பின்னாளில் இதே தலைவலி. தன் மகன்களுக்கு அரியணை உறுதியாக வேண்டும். 1430-லும் 1433-லும் அவர் கொடுத்த சாசனங்களில் ஒரு வரி உண்டு: நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் நிலமுள்ள குலமகன் எவரையும் சிறைபிடிக்க மாட்டோம். இங்கிலாந்தின் ஹேபியஸ் கார்பஸ் சட்டம் 1679-ல் வந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர் மகன் கசிமீர் காலத்தில், 1454-ல், ட்யூட்டானிக் வீரத் துறவிகளோடு போர் மூண்டது. போருக்குக் கூடிய ஷ்லாக்தாக்காரர்கள் போகிற வழியில் பாளையம் இறங்கி, எழுதிக் கொடுத்தால்தான் மேலே நகர்வோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வட்டாரச் சபைகளைக் கேட்காமல் புது வரியும் இல்லை, படைக்கு அழைப்பும் இல்லை என்று அரசர் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போய் ஹோய்னிட்ஸே போரில் படுதோல்வி அடைந்தார்கள் என்பது வேறு விஷயம். சாசனம் செல்லுபடியானது.

இந்த வட்டாரச் சபைக்கு செய்மிக் என்று பெயர். பெரிய சபை செய்ம். செய்மிக் என்றால் குட்டிச் செய்ம். 1493-ல் பியோட்ர்கூவில் கூடிய செய்மைத்தான் இரண்டு அவைகளாக அமைந்த முதல் தேசிய நாடாளுமன்றம் என்று சொல்வது வழக்கம். மேலவையான செனட்டில் பிஷப்புகளும் மாகாண அதிபதிகளும், கீழவையில் செய்மிக்குகள் அனுப்பிய பிரதிநிதிகளும் இருந்தார்கள். 1505-ல் ராடோமில் அரசர் அலெக்சாண்டர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு முத்திரை வைத்தது: இரு அவைகளின் பொதுச் சம்மதம் இல்லாமல் புதிதாக எதுவும் செய்ய முடியாது. "எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி எதுவும் கூடாது" என்று போலிஷ்காரர்கள் இன்றும் சொல்லும் வாசகத்தை இந்தச் சட்டத்தோடுதான் சேர்த்துப் பேசுவார்கள்.

ஒரு சங்கதியை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வீட்டோவை, அதாவது ஒரே ஒருவர் 'ஒப்பமாட்டேன்' என்று சொல்லிச் சபையைத் தடுக்கும் உரிமையை, புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். செய்மிக்கிலிருந்து போகிற பிரதிநிதி தன் இஷ்டத்துக்கு ஓட்டுப் போட முடியாது. என்ன பேச வேண்டும், எதற்கு ஒப்ப வேண்டும், எதற்கு ஒப்பக் கூடாது என்று ஊரார் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் கணக்குக் கேட்பார்கள். அவர் ஒரு தூதுவர் மாதிரி.

1572-ல் யாகியெல்லோ வம்சத்தின் கடைசி அரசர் ஜிக்மூன்ட் அவ்குஸ்ட் வாரிசில்லாமல் இறந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால்தான், 1569-ல் லூப்ளினில், போலந்தும் லித்துவேனியாவும் ஒரே செய்மோடு ஒரே அரசாக இணைந்திருந்தன. பெரிய நாடு, ராஜா இல்லை. வேறு நாடாக இருந்தால் வாரிசுப் போர் வெடித்திருக்கும். இவர்கள் கூட்டம் போட்டார்கள். யார் ராஜா என்று முடிவு செய்வதற்கு முன்பே, 1573 ஜனவரி 28-ல், மதத்தின் பேரால் ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்த மாட்டோம் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கத்தோலிக்கர், லூத்தரன், கால்வின் வழியினர், ஆர்த்தடாக்ஸ் என்று எல்லாரும் கலந்து வாழ்ந்த நாடு அது. இந்த அவசரத்துக்கு ஒரு உடனடிக் காரணமும் உண்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால் பாரிஸில் புராட்டஸ்டன்ட்டுகளைக் கூட்டம் கூட்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். போலந்து அரியணைக்குப் போட்டியிட்டவர்களில் முன்னணியில் இருந்தவரோ பிரெஞ்சு அரசரின் தம்பி ஆன்ரி!

வார்சாவுக்கு எதிர்க்கரையில், கமியென் என்ற கிராமத்து வெளியில் ஏறக்குறைய 40,000 ஷ்லாக்தாக்காரர்கள் கூடினார்கள். நேரில் வந்த குலமகன் ஒவ்வொருவருக்கும் ஓட்டு. மாகாணவாரியாகப் பிரிந்து நின்று தேர்ந்தெடுத்தது ஆன்ரியைத்தான். ஆனால் அவர் கையில் இரண்டு ஆவணங்களைக் கொடுத்தார்கள். ஒன்று, யார் ராஜாவானாலும் மாறாத நிரந்தர விதிகள்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆறு வாரம் செய்ம் கூட்ட வேண்டும், அதன் சம்மதமின்றிப் புது வரி கிடையாது, அரியணை பரம்பரைச் சொத்தாகாது, மத அமைதியைக் காக்க வேண்டும், ராஜா வாக்கு மீறினால் குடிகளுக்குக் கீழ்ப்படியும் கடமை இல்லை. இன்னொன்று பாக்தா கன்வென்டா, அந்த ராஜா தனிப்பட்ட முறையில் தரும் வாக்குறுதிகள். இன்றைய தேர்தல் அறிக்கை மாதிரிதான், ஆனால் கையெழுத்தும் சத்தியமும் உண்டு. முடிசூட்டு விழாவில் ஆன்ரி தயங்கியபோது, "சத்தியம் செய்யாவிட்டால் ஆட்சி இல்லை" என்று ஒரு செனட்டர் மகுடத்தின் அருகில் நின்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆன்ரி 1574 பிப்ரவரியில் முடிசூடினார். அண்ணன் இறந்த செய்தி வந்ததும், பிரான்ஸின் அரியணைக்காக, ஜூன் மாதம் ராத்திரியோடு ராத்திரியாக க்ராகோவிலிருந்து குதிரையேறித் தப்பி ஓடிவிட்டார். ஷ்லாக்தாக்காரர்கள் அசரவில்லை. அரியணை காலி என்று அறிவித்து, டிரான்சில்வேனியாவின் ஸ்டெஃபான் பாத்தோரியைத் தேர்ந்தெடுத்து, அதே விதிகளை அவரிடமும் நீட்டினார்கள். அந்த நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ஜெச்போஸ்போலிடா, அதாவது குடியரசு. ராஜா இருந்தார், ஆனாலும் குடியரசு. இன்றும் போலந்தின் அதிகாரப்பூர்வப் பெயர் அதுதான்.

இதைப் படித்துவிட்டுப் பூரித்துப் போவதற்கு முன்னால், யாருடைய குடியரசு என்று கேட்க வேண்டும். ஷ்லாக்தா மக்கள்தொகையில் எட்டு முதல் பத்து சதவீதம் என்பது பொதுவான மதிப்பீடு. அந்தக் காலத்துக்கு அது கொஞ்சமல்ல. 1832-க்கு முந்தைய இங்கிலாந்தில்கூட ஓட்டுரிமை பெற்றவர்கள் அந்த அளவுக்கு இல்லை. குலத்துக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் "சகோதரரே" என்று அழைத்துக்கொண்டார்கள். "தன் வேலிக்குள் நிற்கும் குலமகன் மாகாண அதிபதிக்குச் சமம்" என்று பழமொழியே உண்டு. வேலிக்கு வெளியே நின்றவன் கதை வேறு. 1496-ல் இதே செய்ம்தான், ஒரு கிராமத்திலிருந்து வருடத்துக்கு ஒரு குடியானவன் மட்டுமே வெளியேறலாம் என்று சட்டம் போட்டது. நகரத்து வியாபாரிகள் நிலம் வாங்கவும் தடை போட்டது. 1520-ல் வாரத்துக்கு ஒரு நாள் கூலியில்லாத உழைப்பு கட்டாயமானது. விஸ்துலா ஆற்றில் மிதந்து க்டான்ஸ்க் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குப் போன தானியத்துக்குக் கிராக்கி ஏற ஏற, அந்த ஒரு நாள் மூன்று நாள், நான்கு நாள் என்று ஏறியது. சுதந்திரத்தின் நூற்றாண்டும் பண்ணையடிமைத்தனத்தின் நூற்றாண்டும் ஒன்றுதான். இரண்டையும் இயற்றியது ஒரே சபை. போலிஷ் வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி முன்பெல்லாம் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். இந்தத் தலைமுறைதான் உரக்கப் பேசுகிறது.

சரி, வீட்டோவுக்கு வருவோம்.

செய்மில் கை தூக்கி எண்ணும் வழக்கம் இல்லை. பேசிப் பேசி, எதிர்ப்பவரைச் சமாதானப்படுத்தி, கடைசியில் அவைத்தலைவர் "சம்மதமா?" என்று கேட்பார். "சம்மதம்!" என்று குரல் எழும். எல்லா ஊருக்கும் சமமான மரியாதை, எந்த ஊரையும் மற்ற ஊர்கள் தலையில் மிதிக்கக் கூடாது என்பது இதன் தர்மம். நூற்றைம்பது வருடம் இது ஓடியது. அப்புறம் 1652 வந்தது. உக்ரைனில் கொசாக்குகளின் கிளர்ச்சி, கஜானா காலி. ஆறு வாரம் முடிந்தும் வேலை முடியவில்லை, கூட்டத்தை நீட்டிக்கலாம் என்றார்கள். லித்துவேனியாவின் உபிட்டா வட்டாரத்திலிருந்து வந்த விளாடிஸ்லாவ் சிட்சின்ஸ்கி என்ற உறுப்பினர் ஆட்சேபம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்குப் பின்னால் யானுஷ் ராட்ஸிவில் என்ற பெரும் நிலப்பிரபு இருந்தார் என்பது அன்றே பலரும் அறிந்தது. அவைத்தலைவர் ஃப்ரெட்ரோ, போனவரைத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்காமல், ஆட்சேபம் செல்லும் என்று ஒத்துக்கொண்டார். சிட்சின்ஸ்கி இடி விழுந்து செத்தார் என்று பின்னாளில் ஊர் கதை கட்டியது. சாபம் கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார்கள், சட்டத்தைத் திருத்தத்தான் ஆள் இல்லை.

ஒரு கூட்டத்தொடரின் சட்டங்கள் எல்லாம் ஒரே மூட்டை. ஒன்றை மறுத்தால் மூட்டையே போச்சு, ஆறு வார வேலையும் வீண். 1669-ல் காலம் முடிவதற்கு முன்பே ஒரு செய்ம் இப்படி உடைந்தது. 1688-ல் அவைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே உடைந்தது. மூன்றாம் அவ்குஸ்ட் முப்பது வருடம் ஆண்டார் (1733-1763). அவர் காலத்தில் சட்டம் இயற்றி முடித்த செய்ம் ஒன்றே ஒன்று, 1736-ல்.

"வீட்டோதான் போலந்தைக் கொன்றது" என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஒருவரின் ஆட்சேபத்துக்கு மதிப்பளிக்கும் விதி, அந்த ஒருவர் தன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தவரை வேலை செய்தது. 17-ஆம் நூற்றாண்டின் போர்களில், குறிப்பாக 1655-ல் ஸ்வீடன் படை புகுந்து சூறையாடியதில், நடுத்தர ஷ்லாக்தா நொடித்துப் போயிற்று. நிலமெல்லாம் சில பெரிய குடும்பங்களின் கைக்குப் போனது. நிலமிழந்த சகோதரர்கள் அந்தக் குடும்பங்களின் பந்தியில் சாப்பிட்டு, அவர்கள் சொன்னபடி கத்தினார்கள். ஓட்டுரிமை இருந்தது, சோறு இல்லை. அதற்குப் பிறகு வீட்டோவை விலைக்கு வாங்குவது வெளிநாட்டுத் தூதர்களுக்கு மிகச் சுலபம், மிக மலிவும் கூட. 1720-ல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் போட்ஸ்டாமில் செய்துகொண்ட உடன்படிக்கையில், போலந்தின் "சுதந்திரங்களை" மாறாமல் காப்போம் என்று ஒப்புக்கொண்டன. அடுத்த வீட்டுக்காரன் நம் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் காவல் காக்கிறான் என்றால் காரணம் தெரியாதா? போலந்தின் படை 1717-ன் ஏற்பாட்டில் 24,000-க்கு மேல் போகக் கூடாது என்று ஆகியிருந்தது, நடைமுறையில் அதுவும் நிரம்பவில்லை.

1772-ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் முதல் துண்டுகளை வெட்டிக்கொண்டன. அந்த அடியில்தான் விழித்தார்கள். 1788-ல் கூடிய செய்ம் நான்கு வருடம் கலையாமல் இருந்தது. 'கூட்டமைப்பு' என்ற பழைய ஏற்பாட்டின் கீழ் கூடினால் பெரும்பான்மை ஓட்டே போதும், வீட்டோ செல்லாது. அந்தக் கதவு வழியாக நுழைந்தார்கள். 1789 டிசம்பரில் வார்சா நகரத் தலைவர் யான் டெகெர்ட் தலைமையில் நகரத்தார் கறுப்பு உடையில் ஊர்வலமாக வந்து உரிமை கேட்டார்கள். 1791 மே 3-ல், ஈஸ்டருக்கு ஊருக்குப் போன எதிர்ப்பாளர்கள் பலர் திரும்புவதற்குள், புதிய அரசியல் சாசனம் நிறைவேறியது. நவீன சாசனங்களில் அமெரிக்காவுக்கு அடுத்தது என்பார்கள், பிரான்ஸின் 1791 செப்டம்பர் சாசனத்துக்கு நான்கு மாதம் முந்தியது. அதைப் படிப்பவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். வீட்டோவை ஒழித்தார்கள், சரி. ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் ஒழித்து அரியணையைப் பரம்பரை ஆக்கினார்கள். நிலமற்ற குலமகனின் ஓட்டையும் பறித்தார்கள். ஓட்டு வாங்கப்படுவதைத் தடுக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. நகரத்தாருக்குச் சில உரிமைகள் கிடைத்தன. குடியானவர்களைச் சட்டத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி இருக்கிறது. பண்ணையடிமைத்தனம் அப்படியே நின்றது.

பதினான்கு மாதம்தான் அந்தச் சாசனம் உயிரோடு இருந்தது. பழைய சுதந்திரத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்று சில பெரும் பிரபுக்கள் பீட்டர்ஸ்பர்க்கில் ஆவணம் தயாரித்து, எல்லையோர டார்கோவிட்சாவில் அதை அறிவித்து, ரஷ்யப் பேரரசி கேத்தரினின் படையை வரவழைத்தார்கள். போலிஷ் மொழியில் இன்றும் டார்கோவிட்சா என்றால் துரோகம். 1793-ல் க்ரோட்னோவில், ரஷ்யச் சிப்பாய்கள் சூழ்ந்து நிற்க, இரண்டாம் பிரிவினைக்கு ஒப்புதல் தரச் செய்மைக் கூட்டினார்கள். உறுப்பினர்கள் மறுப்புச் சொல்லவும் அஞ்சி, ஒப்புதல் தரவும் மனமின்றி, விடியும்வரை ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். மௌனம் சம்மதம் என்று அறிவித்துக் கூட்டம் முடிக்கப்பட்டது. ஒரு வாய்ச்சொல் அத்தனையையும் தடுத்த சபைக்கு நேர்ந்த கதி இது. 1795-ல் நாடே வரைபடத்தில் இல்லை.

அடுத்த 123 வருடத்தை வேகமாகக் கடந்துவிடலாம், ஒரு விஷயத்தைத் தவிர. 1830-லும் 1863-லும் ஜாருக்கு எதிராக எழுந்தார்கள், தோற்றார்கள். ஆஸ்திரியா ஆண்ட கலீசியாவில் 1846-ல் பிரபுக்கள் எழுச்சிக்குத் தயாரானபோது, அவர்களுடைய சொந்தக் குடியானவர்களே தடியும் கோடரியுமாக வந்து சுமார் ஆயிரம் பேரைக் கொன்றார்கள். போலந்து என்ற நாட்டில் தங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் எழுதிக் கொடுத்ததில்லையே! கடைசியில் பண்ணையடிமைகளை விடுவித்தது பிரிவினை செய்த அரசுகள்தான்: கலீசியாவில் 1848-ல் ஆஸ்திரியா, வார்சாப் பகுதியில் 1864-ல் ரஷ்யா. அதன் பிறகு கலீசியாவில் வட்டாரச் சபையும் வியன்னா நாடாளுமன்றத்தில் இடமும் கிடைத்ததால், குடியானவர்கள் ஓட்டுப் போட்டுப் பழகினார்கள். 1895-ல் ஜெஷூவ் நகரில் தங்களுக்கென்று கட்சியும் தொடங்கினார்கள்.

அதன் பலன் 1918-ல் தெரிந்தது. நவம்பர் 11-ல் சுதந்திரம். நவம்பர் 28-ல், படைத்தளபதியும் அப்போதைய நாட்டுத் தலைவருமான பில்சுட்ஸ்கி கையெழுத்திட்ட தேர்தல் ஆணை, 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டுத் தந்தது. பிரான்ஸ் பெண்களுக்கு அது கிடைக்க 1944 ஆகிவிட்டது. 1920-ல் பிரதமரான வின்சென்டி விடோஸ், வியெஜ்ஹோஸ்லாவிட்சே என்ற கிராமத்து விவசாயி. கழுத்துப்பட்டை கட்டாமல், பூட்ஸ் காலோடு அமைச்சரவைக்கு வந்தவர். 1921-ன் சாசனம் அதிகாரம் முழுவதையும் செய்மிடம் கொடுத்தது. பில்சுட்ஸ்கி ஜனாதிபதி ஆகிவிடுவார் என்ற பயத்தில் அந்தப் பதவியை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தார்கள்.

1922 டிசம்பர் 9-ல் முதல் ஜனாதிபதித் தேர்தல். செய்மும் செனட்டும் சேர்ந்து கூடி, ஐந்து சுற்று ஓட்டு. கடைசியில் 289-க்கு 227 என்று வென்றவர் கேப்ரியல் நருடோவிச், சூரிச்சில் நீர்மின் பொறியியல் கற்பித்த பேராசிரியர். தோற்றவர் மவ்ரிட்ஸி ஜமோய்ஸ்கி, நாட்டின் மிகப் பெரிய நிலக்கிழார், 16-ஆம் நூற்றாண்டில் அரசர் தேர்தலுக்கு வழிவகுத்த யான் ஜமோய்ஸ்கியின் வம்சம். நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கு உக்ரைனியர், யூதர், பெலாரஸ்யர், ஜெர்மானியர். அவர்களின் பிரதிநிதிகள் போட்ட ஓட்டும் நருடோவிச்சுக்குக் கிடைத்திருந்தது. "எங்கள் ஜனாதிபதி இல்லை" என்று வலதுசாரிக் கூட்டம் வார்சாத் தெருக்களில் இறங்கியது. பதவியேற்கப் போன வண்டியின் மீது பனிக்கட்டிகளை எறிந்தார்கள். பதவியேற்ற ஐந்தாம் நாள், டிசம்பர் 16-ல், ஒரு ஓவியக் கண்காட்சியைத் திறக்கப் போன இடத்தில் எலிகியுஷ் நியெவியாடோம்ஸ்கி என்ற ஓவியர் அவரைச் சுட்டுக் கொன்றார். நாடு என்பது யார், எண்ணப்படும் ஓட்டு யாருடையது என்று ஷ்லாக்தா காலத்தில் வேலி போட்டு ஒதுக்கி வைத்த கேள்வி, புதுக் குடியரசின் வாசலில் இப்படி வந்து நின்றது. என்னைக் கேட்டால், 1926-ன் ராணுவப் புரட்சியைவிட இந்தக் கொலைதான் அந்தக் குடியரசை உள்ளுக்குள் உடைத்தது.

1926 மே மாதம் பில்சுட்ஸ்கி படையோடு வார்சாவுக்குள் வந்தார். மூன்று நாள் சண்டை, 379 உயிர்கள். அரசாங்கங்கள் மாறி மாறிக் கவிழ்ந்ததில் அலுத்துப்போன பலர் அப்போது கைதட்டினார்கள், இடதுசாரிகள் உட்பட. நான்கு வருடத்தில் விடோஸ் உட்பட எதிர்க்கட்சித் தலைவர்களைக் கோட்டையில் அடைத்தார்கள். 1935-ன் சாசனப்படி ஜனாதிபதி "கடவுளுக்கும் வரலாற்றுக்கும்" மட்டுமே பொறுப்பானவர். செய்முக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சோவியத் நிழலில் வந்த ஆட்சிக்கும் தேர்தல் என்ற சடங்கு வேண்டியிருந்தது. 1946 பொதுவாக்கெடுப்பையும் 1947 ஜனவரித் தேர்தலையும் எண்ணும் இடத்திலேயே திருத்தினார்கள். விவசாயிகள் கட்சித் தலைவர் மிகோலாய்ச்சிக் அந்த அக்டோபரில் வெளிநாட்டுக்குத் தப்பினார். 1952 சாசனத்தின் வரைவு ரஷ்ய மொழியில் மாஸ்கோவுக்குப் போய், ஸ்டாலின் கைப்பட்ட திருத்தங்களோடு திரும்பி வந்தது. ஆள்பவனிடம் எழுதி வாங்கிப் பழகிய நாட்டில், ஆள்பவனுக்கும் மேலே ஒருவன் பேனா பிடித்தான்.

1980 ஆகஸ்ட் 14-ல் க்டான்ஸ்க் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வலென்டினோவிச்சை வேலையிலிருந்து நீக்கியது உடனடிக் காரணம். மூன்றாம் நாள் சனிக்கிழமை நிர்வாகம் சம்பள உயர்வுக்கு இறங்கி வந்தது. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய எலக்ட்ரீஷியன் லேக் வலேசா, வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்தும் விட்டார். அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் ஆதரவாக வேலையை நிறுத்திய சின்னத் தொழிற்சாலைகளும் பஸ், டிராம் ஊழியர்களும் நடுத்தெருவில் விடப்படுவார்களே என்று வலென்டினோவிச்சும் செவிலியர் அலினா பியென்கோவ்ஸ்காவும் வாசலுக்கு ஓடி, வீட்டுக்குக் கிளம்பியவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். அன்றிரவு பிறந்ததுதான் கூட்டுக் குழுவும் 21 கோரிக்கைகளும். அவற்றை ஒட்டுப்பலகை இரண்டில் எழுதி இரண்டாம் எண் வாசலில் தொங்கவிட்டார்கள். முதல் கோரிக்கை: கட்சியின் கையில் இல்லாத சுதந்திரத் தொழிற்சங்கம். துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கி வந்து பேசியபோது பேச்சுவார்த்தை ஒலிபெருக்கியில் தளம் முழுவதும் கேட்டது. தலைவர்கள் உள்ளே ரகசியமாக விலைபோக வழியில்லை. பாதுகாப்பு இப்படி இருக்க வேண்டும்! ஆகஸ்ட் 31-ல், போப் இரண்டாம் ஜான் பாலின் படம் பொறித்த ஒரு பெரிய பேனாவால் வலேசா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1573-ன் பாக்தா கன்வென்டாவை அந்த எலக்ட்ரீஷியன் நினைத்திருக்க மாட்டார். ஆனால் காட்சி அதேதான், இந்த முறை எழுதி வாங்கியவர்கள் ஷ்லாக்தா அல்ல.

அந்த ஒப்பந்தத்தில் பிறந்த சாலிடாரிட்டி சங்கத்தில் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பர் 13-ல், கட்சித் தலைவரும் பிரதமருமான ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டம் கொண்டுவந்து சங்கத்தை முடக்கினார். வுயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் கடைகளில் இறைச்சி வரவில்லை, கடன் ஏறியது, மாஸ்கோவில் கோர்பச்சேவ் வந்தார். 1988-ல் மறுபடி வேலைநிறுத்தங்கள். இப்போது காரியம் ஆகவேண்டியது அரசாங்கத்துக்கு. 1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை வட்டமேசையில் பேசினார்கள். செய்மில் 65 சதவீத இடம் ஆளும் தரப்புக்கு ஒதுக்கீடு, மிச்சம் 161 இடத்துக்கும் புதிதாக உயிர்பெறும் செனட்டின் 100 இடத்துக்கும் உண்மையான போட்டி. ஜூன் 4-ல் ஓட்டு. வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும் என்பது முறை. மக்கள் அடித்தார்கள், ஆசை தீர அடித்தார்கள். போட்டியே இல்லாத தேசியப் பட்டியலில் இருந்த 35 ஆளும் தரப்புப் பிரமுகர்களில் 33 பேர் பாதி ஓட்டுக்கூட வாங்காமல் தோற்றார்கள், அப்போதைய பிரதமர் உட்பட. எதிரே யாரும் நிற்காமலேயே தோற்பது எப்படி என்று அன்றுதான் உலகம் பார்த்தது. இரண்டு சுற்றும் முடிந்தபோது சாலிடாரிட்டிக்கு 161-க்கு 161, செனட்டில் 100-க்கு 99.

இருந்தும், ஜூலையில் யாருசெல்ஸ்கியை ஜனாதிபதியாக்கத் தேவைப்பட்டதைவிட ஒரே ஓட்டு அதிகம் விழுந்தது. சாலிடாரிட்டி உறுப்பினர்கள் சிலர் ஓட்டைச் செல்லாததாக்கியும் வராமல் இருந்தும் வழிவிட்டதால் நடந்தது அது. பேசியது பேசியதுதான் என்று நினைத்தார்கள். இதைத் துரோகம் என்று திட்டுபவர்கள் போலந்தில் இன்றும் நிறைய. சிறையில் வைத்தவர்களோடு உட்கார்ந்து பேசி, ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் செலவாகாமல் ஆகஸ்ட் 24-ல் சாலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமரானதை நான் துரோகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஆட்சியின் கணக்கு தீர்க்கப்படாமல் போனது என்ற புகாரில் உண்மை இருக்கிறது, பின்னால் வந்த அரசியல் அதை வைத்துத்தான் அடுப்பெரித்தது.

1991-ல் முழுச் சுதந்திரத் தேர்தல் நடந்தபோது 29 குழுக்கள் செய்முக்குள் வந்தன. பீர் பிரியர்கள் கட்சிக்கு மட்டும் 16 இடம். அடுத்த தேர்தலுக்குள் 5 சதவீத வாசல் வைத்துக் கதவைக் குறுக்கினார்கள். 1997-ல் இன்றைய சாசனம். பிரதமர் வலுவானவர், ஆனால் ஜனாதிபதி நேரடியாக மக்கள் ஓட்டில் வருபவர், சட்டங்களைத் திருப்பி அனுப்பும் உரிமை உள்ளவர். அதை மீற செய்மில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும்.

2015-ல் சட்டமும் நீதியும் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. அரசியல் சாசனத் தீர்ப்பாயத்தில் முறையாகத் தேர்வான மூன்று நீதிபதிகளுக்கு அதே கட்சியிலிருந்து வந்த ஜனாதிபதி பதவிப்பிரமாணம் செய்துவைக்கவில்லை. வேறு ஆட்களை உட்கார வைத்தார்கள். நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கவுன்சிலின் நீதிபதி உறுப்பினர்களைச் செய்மே தேர்ந்தெடுக்கும்படி சட்டத்தை மாற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் நிதியை நிறுத்தி வைத்தது. 2023 அக்டோபர் 15 தேர்தலில் 74 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. 1989 ஜூனில்கூட 63-ஐ எட்டவில்லை. வ்ரோத்ஸ்வாஃப் நகரின் யாகோட்னோ பகுதியில் வரிசை நகராமல் நள்ளிரவு தாண்டி, கிட்டத்தட்ட மூன்று மணிவரை இளைஞர்கள் குளிரில் நின்றார்கள். அக்கம்பக்கத்தார் பீட்சாவும் சூடான தேநீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆட்சி மாறியது, டொனால்ட் டஸ்க் பிரதமரானார்.

நீதிமன்றங்களைச் சரிசெய்யக் கிளம்பிய புது அரசாங்கம் உடனே ஒரு முட்டுச்சந்தில் மாட்டியது. முறைதவறி நியமிக்கப்பட்ட நீதிபதிகள் கொடுத்த தீர்ப்புகள் செல்லுமா? அவர்களை முறையான வழியில் அகற்றச் சட்டம் வேண்டும், சட்டத்துக்கு ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும், அவர் எதிர்த்தரப்பு. 2025 ஜூன் 1-ல் அடுத்த ஜனாதிபதித் தேர்தலின் இறுதிச் சுற்று வந்தது. கரோல் நவ்ரோட்ஸ்கி, முந்தைய ஆளுங்கட்சியின் ஆதரவு பெற்றவர், 51 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டில் வென்றார். ஆளும் கூட்டணியிடம் செய்மில் ஐந்தில் மூன்று பங்கு இல்லை. ஆக, வீட்டோ என்ற சொல் இப்போதும் வார்சாவில் தினசரிச் செய்திதான், இந்த முறை ஜனாதிபதியின் கையில். மசோதா போகிறது, கையெழுத்தில்லாமல் திரும்பி வருகிறது.